யாரும் சொல்லாத இருமல்

நான் திருப்பூருக்குப் போனது ஒரு குரலைப் பார்த்து வர. குரலைக் கேட்கத்தானே முடியும், பார்க்க எப்படி முடியும் என்று மலேசியாவில், எங்கள் ஊர் கிள்ளானில், என் தங்கை கேட்டாள். வானொலி ஒலிப்பதிவுக் கூடத்திலேயே தலை நரைத்தவளுக்குக் குரல் என்றால் ஆள்தான். பத்து நிமிடம் கேட்டால் போதும், பேசுகிறவர் உட்கார்ந்து பேசுகிறாரா நின்று பேசுகிறாரா என்றுகூடச் சொல்லிவிடுவேன். இந்தக் குரலுக்குத்தான் ஆளே கிடையாது.

விஷயம் இதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு தொலைபேசி உதவி நடத்துகிறது. ஒரு மிஸ்டுகால் கொடுத்தால் போதும், செயற்கை நுண்ணறிவுக் குரல் ஒன்று திரும்பக் கூப்பிடும். தமிழில் பேசினால் தமிழ், இந்தியில் பேசினால் இந்தி. பதிவு செய்யலாமா என்று அனுமதி கேட்டு, குறையைக் கேட்டு, சுருக்கி, எது அவசரம் எது அவசரமில்லை என்று பிரித்து அமைப்பின் திரைக்கு அனுப்பிவிடும். எங்கள் ஊர் கையுறைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இப்படி ஒன்று வைக்கலாமா என்று கிள்ளானில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்றுச் சும்மா இருக்கிற நீங்கள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று என்னைக் கிளப்பி விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அமைப்பின் அலுவலகம். ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் இரண்டு அறை. கீழே கண்ணாடிக் கிளாசில் டீயும் தேங்காய் பன்னும். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக் டீயில் பாதி நுரையாகத்தான் இருக்கும். இங்கே கிளாசை ஏமாற்றாமல் டீயாகவே தருகிறார்கள். பன் கொஞ்சம் இனிப்பு. டீயும் இனிப்பு. ஊரே இனிப்பாகத்தான் பேசுகிறது. ஆட்டோக்காரர் எனக்கு வழி தெரியாது என்று தெரிந்துகொண்டு வாடகையை ஏற்றியதுகூட "ஏனுங்க அம்மா, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று அத்தனை மரியாதையாக.

மாடியில் என்னை வரவேற்றவள் ஜரீனா. ஒரு காலத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். இப்போது இயந்திரம் அனுப்புகிற குறைகளை எடுத்துக்கொண்டு நேரில் ஓடுகிறவள் அவள்தான். வீட்டுக்காரர் கட்டிங் வேஸ்ட் வியாபாரம்.

"வாங்கக்கா, உக்காருங்க. மலேசியாவுல இருந்து எங்களப் பாக்க வந்திருக்கீங்களே, சாப்புட்டீங்களா?" என்றாள். பதில் சொல்வதற்குள் தூக்குப் போசி திறந்துவிட்டது. அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், ஓரத்தில் தயிர். காலை பத்தரை மணிக்கு அதைச் சாப்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த இயந்திரம் பேசின தமிழ் நன்றாகத்தான் இருந்தது. செய்தி வாசிக்கிற தமிழ். எனக்குப் பிடிக்காமல் இருக்குமா? அவசரப்படவில்லை, குறுக்கே பேசவில்லை. எங்கள் ஊர் அறிவிப்பாளர்களில் சிலருக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. இது வந்த பிறகுதான், கை நசுங்கியவர்களும் சம்பளம் நின்றவர்களும் வயிற்றுப் பிள்ளையோடு இரவு ஷிப்டில் நின்றவர்களும் தன் கண்ணுக்குத் தெரிந்தார்கள் என்றாள் ஜரீனா. "இது இல்லாட்டி நா ஒருத்தி எத்தன பேருத்த கேக்கறதுங்க்கா?"

கோளாறு சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. திரையில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. செல்லத்தாய். முதலிபாளையம் பக்கம் ஒரு கம்பெனி ஹாஸ்டல். ஒரே எண்ணிலிருந்து பல அழைப்புகள்: வயிற்றுவலி, கண் எரிச்சல், தலைவலி, முதுகுவலி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இயந்திரம் எழுதியிருந்தது: அடிக்கடி அழைப்பவர், குறைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவசரமில்லை.

"இந்தப் புள்ளைக்கு இல்லாத சீக்கே இல்லீங்க்கா," என்று ஜரீனா சிரித்தாள். "ஹாஸ்டல்ல பொழுது போகாம கூப்புடுதோ என்னமோ."

இயந்திரத்தைச் செய்த பிரவீன் என்கிற பையன் பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தான். அவனுக்கு ஒரு பெருமை. ஹாஸ்டல்களிலிருந்து வரும் அழைப்புகளில் ஃபேன், டிவி, பஸ் ஹாரன், பக்கத்தில் நான்கு பேர் பேச்சு என்று ஒரே இரைச்சல், இயந்திரம் தடுமாறியது. இவன் அதற்கு ஒரு சலவை வைத்தான். அழைத்தவரின் குரல் மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் போய்விடும். "முன்னாடி எப்படி, இப்ப எப்படின்னு கேளுங்க மேடம்," என்று கைக்குக் கிடைத்த ஒரு பதிவை ஓடவிட்டான். அதிகமான அழைப்பு செல்லத்தாய் எண்ணில் என்பதால் அந்தப் பதிவே வந்தது.

வெளுத்த பதிவு அருமை. வெளுக்காத பதிவில் ஃபேன், ஹாரன், பாத்திரச் சத்தம். அதற்குள்ளே ஒரு இருமல்.

"தம்பி, இன்னொன்று போடுங்கள். வெளுக்காததையே போடுங்கள்."

அதிலும் அதே இருமல். அடுத்ததிலும். இரண்டு விஷயம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. முதலாவது, இவை ஒரு பெண்ணின் குரல் இல்லை. ஒருத்தி தேனிப் பக்கத்துத் தமிழ் பேசுகிறாள், ஒருத்தி இந்தியில் பேசுகிறாள், ஒருத்திக்கு மூக்கடைப்பு. எல்லோரும் தங்கள் பெயர் செல்லத்தாய் என்கிறார்கள். இரண்டாவது, பேசுகிறவர்கள் மாறுகிறார்கள், பின்னால் இருமுகிறவர் மாறவில்லை. பழைய பதிவில் அது தொண்டையைச் செருமுகிற அளவுதான். போன வாரப் பதிவில் இருமி முடித்து மூச்சு திரும்புவதற்கு அத்தனை நேரம் ஆகிறது.

குரலை வைத்து ஆளை அடையாளம் காணவில்லையா என்றேன். அந்த வசதியை வேண்டுமென்றேதான் வைக்கவில்லை என்றான் பிரவீன். கம்பெனிக்காரர்கள் கையில் அது போய்விட்டால் புகார் சொன்னவள் மாட்டிக்கொள்வாளே. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியவில்லை.

"இது பஞ்சு ஊருங்க்கா. எல்லா ஊட்லயும் இருமல்தான்," என்றாள் ஜரீனா. சொல்லிவிட்டு அவளே இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். சிரிப்பு போய்விட்டது.

எனக்குப் பயமாக இருந்தது. என் அத்தை மகன் ஒருவன் இப்படித்தான் இருமினான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லோரும் புகையிலை இருமல் என்று சொல்லிச் சொல்லியே அவனைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. ஹாஸ்டல் வாசலில் சந்திக்கலாம் என்று ஜரீனா சொல்லியிருந்தாள். தனியாகப் போய்விடுவேன் என்று பெருமையடித்துப் பஸ் ஏறினேன். சன்னல் ஓரம், வெதுவெதுப்பான காற்று, முந்தின நாள் தூக்கமில்லை. கண் விழித்தபோது ஊரெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசனை. காங்கேயம். "நீங்க அப்பவே எறங்கியிருக்கோணுமுங்க அம்மா," என்றார் கண்டக்டர், தப்பு அவருடையது மாதிரி வருத்தத்தோடு. களங்களில் தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலை இருக்கும் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இங்கே ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்கு மனசு இடம் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கப் பஸ்ஸில் திரும்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தது ஷிப்ட் விடுகிற நேரம். வாசல் அறையில் ஜரீனா வார்டன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் நல்ல வேளையாக மரியாதை மிச்சம் இருந்தது. வார்டன் அம்மா கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்தவர்களை என்ன செய்வீர்கள் என்று நான் பொதுவாகக் கேட்டேன்.

"இருமல் காச்சல்னா ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போடுவோமுங்க. நல்லானதுக்கப்புறம் வரட்டும். ஒருத்திக்கு வந்துச்சுன்னா அத்தன பேருத்துக்கும் ஒட்டிக்குமுங்களே. நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தானுங்க கேப்பாங்க."

"நல்லான பிறகு அதே இடம் கிடைக்குமா?"

"அது கம்பெனி சொல்றதுங்க," என்றார்.

அப்போதுதான் பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஒரே நிறச் சுடிதார், தலையில் நூல்தூசி, எல்லோருக்கும் ஒரே பசி. அத்தனை பேச்சுக்கும் செருப்புச் சத்தத்துக்கும் நடுவே மாடிப்படித் திருப்பத்தில் அந்த இருமல் கேட்டது. நான் எழுந்துவிட்டேன். மெலிந்த ஒரு பெண், முப்பதுக்குள் இருக்கும், பனியன் துணித்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். எங்களைப் பார்த்ததும் துண்டைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு சிரித்தாள்.

"அது யாருங்க?" என்றாள் ஜரீனா.

"செல்லத்தாயிங்க. ரூம் லீடரு. தங்கமான புள்ள," என்றார் வார்டன்.

அத்தனை பேரும் தங்கள் பெயர் என்று சொன்ன பெயருக்குச் சொந்தக்காரி. அவள் ஒருமுறைகூட அந்த எண்ணை அழைத்ததில்லை என்பது பிறகு தெரிந்தது.

வார்டன் முன்னால் எதையும் கேட்க வழியில்லை. கேட்டால் அன்றே அவளைப் பெட்டி கட்டி அனுப்பிவிடுவார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது என் பயணம். ஆனால் விட்டுவிட்டு வரவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் வேன் பெண்களை டவுனில் இறக்கிவிடும். மாலைக்குள் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பூர் வேறு ஊர். ஒடியா, இந்தி, பெங்காலி, தென்பாண்டித் தமிழ் எல்லாம் ஒரே தெருவில் இடித்துக்கொண்டு நடக்கின்றன. தள்ளுவண்டியில் காளான் மசாலாவைக் கல்லில் தட்டித் தட்டி ஓர் இசைக் கச்சேரியே நடக்கிறது. நான் ஒரு தட்டு வாங்கினேன். அதில் காளானைவிட முட்டைக்கோஸ் அதிகம். குறையொன்றுமில்லை, காரம் காதில் ஏறியது.

முதலில் எங்களிடம் மாட்டியவள் சுமித்ரா, ஒடிசாக்காரி. அதே அறை. இந்தியில் தலைவலி சொன்ன குரல் அவளுடையது. ஏன் செல்லத்தாய் என்று பெயர் சொன்னீர்கள் என்று ஜரீனா கேட்டாள். அவள் எங்களை விசித்திரமாகப் பார்த்தாள். இந்தியில் சொன்னதை ஜரீனா எனக்குச் சொன்னாள்: "போனு அக்காவோடது. மத்தவங்க போனையெல்லாம் வார்டன் வாங்கி வெச்சுக்குவாங்க, ரூம் லீடருக்கு மட்டும் குடுப்பாங்க. பேங்குல, கேஸு சிலிண்டருக்கு, ரேஷன்ல எங்க கேட்டாலும் நம்பரு யாரு பேருல இருக்கோ அந்தப் பேரைத்தான் சொல்லோணும். வேற பேரு சொன்னா கட் ஆயிருமே."

"சரி, அவங்க இருமறதப் பத்தி ஏன் யாரும் சொல்லல?" என்று ஜரீனா கேட்டாள்.

சுமித்ரா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக ஏதோ சொன்னாள். ஜரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்கிறாள்?"

"சாமி மேல சத்தியம் வாங்கியிருக்குதுங்க்கா அந்தப் புள்ள. எந்த வாயாலயும் சொல்லக்கூடாதுன்னு. இவுங்க சத்தியத்த மீறல. அதுக்குப் பதிலா, தலை வலிக்குது வயிறு வலிக்குதுன்னு போனப் போட்டுப்போட்டு, செல்லத்தாய ஒட்டிப் பக்கத்துல உக்கார வெச்சுக்குவாங்களாம். டாக்டருகிட்டப் போனா பக்கத்துல யாரு இருமறதுன்னு அவரே கேப்பாரல்ல? அது மாதிரி மெசினு கேக்கும், கேட்டா சொல்லிப்போடலாம்னு."

மெஷின் கேட்டிருக்கும். நாம்தான் வெளுத்துவிட்டோம்.

இத்தனை பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வராத நோயைச் சொல்லிச் சொல்லி ஓர் இருமலைக் கம்பி வழியாக அனுப்பியிருக்கிறார்கள். அது மட்டும் போய்ச் சேரவில்லை.

அதே வேனில் வந்திருந்த செல்லத்தாயைப் பேக்கரியில் உட்கார வைத்தோம். அவள் கோவில்பட்டிப் பக்கம். கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்: "தூசிக்கா. சீசன் முடிஞ்சா சரியாப் போயிரும்."

"ராவுல வேர்க்குதா? காச்சலடிக்குதா?" என்றாள் ஜரீனா.

"தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணியிருக்குக்கா," என்றாள் அவள். "சீக்குக்காரி வீடுன்னு ஒருத்தன் வாயில வந்துட்டா முடிஞ்சுது. என்னைய விட்டுருங்க."

வாதாடிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. முந்தின இரவு பிரவீனிடம் வெளுக்காத பதிவுகளை வாங்கி ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். பணியில் இருந்த காலமெல்லாம் நான் செய்தது பேச்சுக்கு நடுவிலிருந்து இருமலை வெட்டி எறிவது. இந்த முறை பேச்சையெல்லாம் வெட்டிவிட்டு இருமலை மட்டும் ஒட்டியிருந்தேன், பழையதிலிருந்து புதியது வரைக்கும். யாருடைய சொந்த விஷயமும் அதில் இல்லை. இயர்போனை அவள் காதில் வைத்தேன்.

கேட்டாள். டீ ஆறியது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"பாவம்," என்றாள். "எந்தப் பெரியவருக்கா இவரு? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலியா?"

ஜரீனா என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நீதாம்மா. உன் ரூமில் உட்கார்ந்து நீ இருமினதுதான்."

அவள் இயர்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அழவில்லை. வெகுநேரம் கடைக்கு வெளியே, வளையல் வண்டியைச் சுற்றி நின்ற தன் அறைப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுமித்ரா ஒருத்திக்கு வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுவளும் அதே ரூம்புலதான படுக்காளுவ," என்றாள். பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்குப் போணும்?"

திங்கட்கிழமை அரசு மருத்துவமனை. கண் பரிசோதனை என்று வார்டனிடம் சொல்லிக் கூட்டிவந்தாள் ஜரீனா. சளி எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். வரிசை நீளம்தான், ஆனால் அந்த டாக்டரம்மா ஒவ்வொருவரையும் முகம் பார்த்துப் பேசினார். மறுநாள் சொல்லிவிட்டார்கள். காசநோய். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, செல்லத்தாய் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் மாத்திரை. அறைப் பெண்கள் எல்லோருக்கும் பரிசோதனை.

இனி மறைக்க முடியாது. ஜரீனாவே கம்பெனிக்குப் போனாள். தொற்று நின்றதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுப்பதைப் பற்றிப் பார்க்கலாம் என்றார்களாம். கட்டிலை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று வார்டன் அம்மா சொன்னாராம். பார்க்கலாம் என்பதை நம்பித்தான் ஆக வேண்டும். அதுவரை அமைப்பு வாடகைக்கு எடுத்திருந்த ஓர் அறையில் தங்க ஏற்பாடானது. தங்கையின் நிச்சயம் என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. பிரவீன் போனில் கூப்பிட்டு, இருமலை இனி அழிக்காமல் குறித்து வைக்கச் சொல்லிவிடுகிறேன் என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. நல்ல பையன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மருத்துவமனை வேப்பமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சுமித்ராவும் பரிசோதனைக்கு வந்திருந்தாள், அவளுக்கு ஒன்றுமில்லை. தினமும் மாத்திரை நேரத்துக்கு இயந்திரமே கூப்பிட்டு நினைவூட்டும், அதற்குச் செல்லத்தாயே ஒருமுறை பேசிப் பதிந்துகொள்ள வேண்டும் என்றாள் ஜரீனா. செல்லத்தாய் தன் பட்டன் போனில் மிஸ்டுகால் கொடுத்தாள். உடனே மணி அடித்தது. ஸ்பீக்கரில் அந்தச் செய்தி வாசிக்கும் தமிழ்.

"வணக்கம் செல்லத்தாய். சென்ற முறை உங்களுக்குக் கடுமையான தலைவலி என்று சொன்னீர்கள். இப்போது குறைந்துவிட்டதா?"

செல்லத்தாய் சுமித்ரா பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ஒன்னையத்தான் கேக்கு. தலைவலி கொறஞ்சுதா?"

சுமித்ரா தரையைப் பார்த்தாள்.

"தலைவலி இல்ல அக்கா," என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். "எப்பவும் இல்ல."

"பின்ன எதுக்குட்டி போன் போட்ட?"

இயந்திரம் பொறுமையாக அடுத்ததைக் கேட்டது. வயிற்றுவலி எப்படி இருக்கிறது? கண் எரிச்சல்? முதுகுவலி? ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கச் செல்லத்தாயின் முகம் மாறிக்கொண்டே வந்தது. தன்னை ஒட்டி உட்காரவைத்துக்கொண்டு அவர்கள் பேசிய நாட்களெல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சுமித்ராவின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்தவள், சட்டென்று தன் நோய் நினைவு வந்து தள்ளிவிட்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

"செல்லத்தாய், நீங்கள் இருக்கிறீர்களா?" என்றது குரல்.

"இருக்கேன்," என்றாள் அவள். "இம்புட்டு நாளும் பேசுனது நான் இல்ல. இப்பத்தான் நான் பேசுதேன்."

"சரி. உங்களைப் பற்றி முதலிலிருந்து சொல்லுங்கள்."

அவள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அடுத்தவர் பேச்சைக் கேட்டே பிழைத்தவள் நான். அன்று ஜரீனாவையும் சுமித்ராவையும் கூட்டிக்கொண்டு, அவள் குரல் கேட்காத தூரத்துக்கு எழுந்து போனேன்.